கால்மாட்டில் கொஞ்சம் இடம்

இரும் தம்பி, உக்காரும். அந்த நாற்காலி வேண்டாம், அதுல ஒரு சாமான் இருக்கு. இந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிடும். இசக்கிதானே உம்ம பேரு? கல்லு வெட்டுறதுல உம்ம எழுத்துதான் வடிவா இருக்கும்னு எங்க சபை ஐயர் சொன்னாவ. பாதிரியாரத்தான் நாங்க ஐயர்னு சொல்லுவோம். அவிய சொல்லித்தான் அந்தப் பளிங்குக் கல்ல உம்மகிட்ட குடுத்தோம். வெட்டி முடிச்ச கல்லுக்கு இப்பம் எதுக்கு மறுபடியும் கூப்பிட்டு விட்டாருன்னு நினைச்சிக்கிட்டே வந்திருப்பீரு. உம்ம வேலையில ஒரு குத்தமும் இல்ல. எழுதிக் குடுத்தது நாந்தான். அதையும் குத்தம்னு சொல்ல முடியாது, அன்னைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

மொதல்ல ஒண்ணு சொல்லும். வெட்டுன எழுத்த அழிக்க முடியுமா? தேச்சா பள்ளம் விழுமோ. சரி, அப்பம் கல்லத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்துல எழுதலாமா? எழுதலாம்லா. நல்லது. காப்பியக் குடியும், ஆறிப்போவும். என்ன எழுதணும்னு சொல்லுதேன். கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் சொல்ல வரும். பள்ளிக்கூடத்துல சரித்திரம் எடுத்தவன், ஹெட்மாஸ்டரா ரிட்டயர் ஆனவன். எனக்குச் சுருக்கிப் பேசத் தெரியாது.

எங்க மீட்பர்விளைக் கோயிலுக்கு இந்த வருசம் இருநூறு வயசு. சுத்திலும் தேரிக்காடு, செம்மணல், பனையத் தவிர ஒண்ணும் கிடையாது. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்துட்டானுவன்னு அடிச்சு விரட்டுன கொஞ்சம் குடும்பம் இங்க வந்து ஓலையில ஒரு கோயிலக் கட்டிக்கிட்டு உக்காந்தாவ. அதான் இந்த ஊரு. இருநூறாவது பிரதிஷ்டைப் பண்டிகைக்குச் சபைச் சரித்திரம் ஒண்ணு எழுதணும்னு கமிட்டியில பேச்சு வந்தப்பம், எல்லாரும் என்னையத்தான் பாத்தாவ. அருமைநாயகம் சார விட்டா யாரு இருக்கான்னு கேட்டாவ. நான் மாட்டேன்னு சொல்லல. சும்மா சொல்லக் கூடாது, நாயா அலைஞ்சேன். ரிட்டயர்டான ஐயருமாரு ஒருத்தரையும் விடல. பழைய கமிட்டிக்காரங்க, உபதேசியார்மாரு, கோயில்பிள்ளைமாரு, ஊர்ல வயசான ஆம்பிளைங்க எல்லாரையும் கேட்டாச்சு. கேக்க வேண்டிய ஆளு ஒருத்தரையும் நான் விடல தம்பி. அத நீரு மனசுல வச்சிக்கிடும்.

எங்க கல்லறைத் தோட்டத்த நீரு பாத்திருக்கீரு. எல்லாக் கல்லறையும் தலை மேக்க, காலு கிழக்க. ஏன்னா ஆண்டவர் கிழக்க இருந்து வருவாரு. எக்காளம் ஊதுனதும் செத்தவுக எல்லாரும் எந்திரிச்சு அவரு முகத்த நேரா பாக்கணும். ஆனா ஐயர அடக்கம் பண்ணும்போது மட்டும் சில சபையில திருப்பி வைப்பாவ. தலை கிழக்க, காலு மேக்க. அவரு எந்திரிச்சா சபையப் பாத்து நிக்கணும்லா, ஆராதனையில நிக்கிற மாதிரி. எங்க தோட்டத்துல நடுமத்தியில, ரொம்பப் பழசா, பேரு இல்லாம அப்படித் திரும்பிக் கெடக்கிற கல்லறை ஒண்ணே ஒண்ணுதான். மெழுகுதிரி வைக்கிற மாடம் மத்ததுக்கெல்லாம் தலைமாட்டுல இருக்கும். இதுக்குக் கால்மாட்டுல இருக்கு. அது எங்க குடும்பத்துக் கல்லறை. ஈஸ்டருக்கு முந்துன நாளு வெள்ளையடிக்கிறது எங்க அப்பா, அவுக அப்பா, அதுக்கு முந்துனவுக. இப்பம் நானு.

அப்பம் யாரு அது? சபையப் பாத்து எந்திரிக்க வேண்டிய ஆளு யாரு? மொத மொத வந்த ஜனத்தக் கூட்டிக்கிட்டு வந்த ஞானக்கண் உபதேசியார். அவரத் தவிர யாரா இருக்க முடியும்? நான் அவரு வம்சம். இப்படித்தான் எழுதுனேன். எங்க ஐயர் சின்ன வயசுக்காரர், ஒரு சந்தேகம் கேட்டாவ. “சார், உபதேசியார் பட்டம் வாங்குன ஐயர் இல்லையே, அவர எப்படித் திருப்பி அடக்கம் பண்ணியிருப்பாங்க?”ன்னு. நான் சொன்னேன், “ஆதி காலத்துல ஐயர் வருசத்துக்கு ஒருக்காத்தான் வருவாரு, உபதேசியார்தான் எல்லாம், இதெல்லாம் படிச்சுத் தெரியாது.” புஸ்தகம் அச்சாகி வந்தாச்சு. என் போட்டோ உள் அட்டையில இருக்கு. பிஷப் வந்து கல்லத் திறக்கிறதுக்கு நாளும் குறிச்சாச்சு. அந்தக் கல்லுதான் உம்மகிட்ட வந்தது.

இப்பம் வீட்டுக் கதைக்கு வாரேன். இதுவும் சரித்திரத்துல சேந்ததுதான், சும்மா சொல்லல.

எனக்கு ஒரே மகள். கிறிஸ்டபெல். கோயில் பாடகர் குழுவுல அவதான் முன்னால நிப்பா. டீச்சர் டிரெயினிங் முடிச்சு கோவில்பட்டிப் பக்கம் வேலைக்குப் போனா. அங்க வேலாயுதம்னு ஒரு டிராயிங் மாஸ்டர். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் முடிச்சிட்டு, அதுக்குப் பெறவு எங்களுக்குச் சொல்லி விட்டா. நான் கத்தல, கூப்பாடு போடல. நான் கோவக்காரன் கிடையாது. ஆனா சபைக்குச் செயலாளரா இருக்கிறவன், ஊர் பிள்ளைங்களுக்கு ஒரு சட்டம் தன் பிள்ளைக்கு ஒரு சட்டம்னு வைக்க முடியுமா? அந்த வருசந்தான் கமிட்டியில தீர்மானம் எழுதுனோம். சபைய விட்டுப் போனவுகளுக்குக் கல்லறைத் தோட்டத்துல பிரவேசமும் இல்ல, இடமும் இல்ல. வாசகம் நான் எழுதுனது. ஞானக்கண் உபதேசியார் எவ்வளவு பாடுபட்டு வேலி கட்டுன சபை இது, அவரு காலத்துல இருந்தே பின்மாறிப் போனவுகளுக்கு இங்க இடம் கிடையாதுன்னு அதுலயும் சேத்திருந்தேன். ஆதாரம் என்னன்னு யாரும் கேக்கல. நான் சொன்னா ஆதாரம் இருக்கும்னு நம்பிக்கை.

ரஞ்சிதம் என் வீட்டுக்காரி. அன்னைக்கு ராத்திரி சோறு வைக்கும்போது என் தட்டப் பாக்காம வச்சா. அப்படியே வச்சிக்கிட்டே இருந்து, போன மழைக்கு முந்துன மழையில போயிட்டா. நெஞ்சு வலின்னு சொன்னா, ஆசுபத்திரி போறதுக்குள்ள முடிஞ்சது. அடக்கத்துக்கு மக வந்தா. நான் வாசல்ல ஆளு நிறுத்தினேன்னு ஊர்ல பேசுதாவ. நான் நிறுத்தல. தீர்மானம் வாசல்ல ஒட்டியிருந்தது, அவ படிச்சிட்டு உள்ள வரல. அவ்வளவுதான். ரஞ்சிதம் கல்லறை கிழக்கு மதிலுக்குப் பக்கத்துல கடைசி வரிசை. மக மதிலுக்கு வெளிய, நேரா அம்மா கால்மாட்டுல நின்னா. மதிலு இடுப்பளவுதான். நான் மண்ணு போடும்போது நிமிந்து பாத்தேன், அவ என்னையப் பாக்கல, குழியப் பாத்துக்கிட்டு நின்னா. எல்லாரும் போன பெறவும் அங்கதான் நின்னாளாம். நான் வீட்டுக்கு வந்துட்டேன். எனக்கு அன்னைக்கு ஒடம்புக்கு முடியல.

இந்தக் கோடையில அவளுக்குக் கர்ப்பப்பையில கட்டின்னு கேள்விப்பட்டேன். போவணும்னுதான் இருந்தேன். புஸ்தகம் புரூப் பாக்க வேண்டியிருந்தது, பிரஸ்காரன் அவசரப்படுத்துனான். ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். அவ அந்த வாரத்துல போயிட்டா.

காப்பி இன்னும் கொஞ்சம் ஊத்தவா? வேண்டாமா. சரி.

பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு அந்த ஆளு வந்தாரு. வேலாயுதம். நடுப்பகல் வெயில்ல, பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தே வந்திருக்காரு. கையில ஒரு செம்பு, அதோட வாயில வெள்ளைத் துணி கட்டி. வாசல்ல நின்னு “மாமா”ன்னு கூப்பிட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சிப் பாரும். ஆனா வெயில்ல வந்தவன வெளிய நிறுத்தலாமா, உள்ள வாரும்னேன்.

“பாதிய ஆத்துல கரைச்சிட்டேன் மாமா, அது எங்க வீட்டு வழக்கம். மீதிய அவ அம்மா காலடியில வைக்கச் சொன்னா. உங்ககிட்ட கேட்டு வைக்கச் சொன்னா. கேக்காம வைக்கக் கூடாதுன்னு சொன்னா.”

நான் தீர்மானத்தச் சொன்னேன். செயலாளரே மீறுனா எப்படின்னு கேட்டேன். எங்க முன்னோர் ஞானக்கண் உபதேசியார் காலத்துல இருந்து இதுதான் முறைன்னேன். அந்த ஆளு செம்ப அந்த நாற்காலியில வச்சாரு. அதான், நீரு உக்காரப் போன நாற்காலி. வச்சிட்டுக் கையக் கட்டிக்கிட்டுச் சொல்லுதாரு:

“அவ இன்னொண்ணும் சொல்லச் சொன்னா மாமா. உங்க குடும்பத்துக் கல்லறை ஏன் திரும்பிக் கெடக்குன்னு அப்பாவுக்குத் தெரியாது, நீங்க சொல்லுங்கன்னா. அவ அம்மா அவளுக்குச் சொன்னதாம். அவ அம்மாவுக்கு உங்க அம்மா சொன்னதாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துது தம்பி, உள்ளதச் சொன்னா. கோவில்பட்டிக்காரரு, விபூதி பூசுன மனுசன், எங்க சபைச் சரித்திரத்த எனக்குச் சொல்ல வந்திருக்காரு. சரி, சொல்லும்னேன்.

ஓடிவந்த கூட்டத்துல சாராள்னு ஒரு பொம்பிள இருந்தாளாம். ஒரே மகன். அவனும் ஞானஸ்நானம் எடுத்தவந்தான். பழைய ஊர்க்காரங்க வந்து அடிச்ச அடியில பயந்து, திருநீறு பூசிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டான். பெண்டாட்டி செத்துப்போனா, கைப்பிள்ளையத் தூக்கி ஆத்தாகிட்ட குடுத்தான். பெறவு ஊர்ல வாந்திபேதி வந்தப்பம் அவனும் செத்தான். ஆத்தா அவன இங்க கொண்டு வந்து கெடத்துனா. சபைப் பெரியவங்க, பின்மாறிப் போனவனுக்கு உள்ள இடமில்லன்னாவ. அவ விடல. அப்படின்னா எனக்கும் வேண்டாம், பேரப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு நானும் போவுதேன்னு நின்னா. ஒருநாள் பூராவும் பேசி, கடைசியில ஒரு முடிவு பண்ணுனாவ. உள்ளயே பொதைக்கட்டும், ஆனா திருப்பிப் பொதைக்கணும். ஆண்டவர் வரும்போது அவன் முதுகக் காட்டிக்கிட்டு எந்திரிக்கணும். அவருக்கு முதுகக் காட்டுனவந்தானே.

அவ சரின்னுட்டாளாம். அடக்கம் முடிஞ்ச பெறவு பெரியவங்ககிட்ட வந்து, நான் செத்தா என்னைய அவன் கால்மாட்டுல வைங்க, எல்லாரையும் போல கிழக்கப் பாத்து வைங்கன்னு கேட்டிருக்கா. காலும் காலும் எதுத்தாப்புல. அவன் எந்திரிச்சா என் முகத்தப் பாத்து எந்திரிப்பான், நான் எந்திரிச்சா அவனையும் பாப்பேன், அவனுக்குப் பின்னால வார ஆண்டவரையும் பாப்பேன், பெறவு நான் அவரோட பேசிக்கிடுதேன்னு சொன்னாளாம்.

அந்தக் கைப்பிள்ளைய வளத்தது அவதான். அதுல இருந்து வந்தவுகதான் நாங்க. இத எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பொம்பிளைங்க ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கிட்டே வந்திருக்காளுவ. எங்க ஆம்பிளைங்க ஒருத்தனுக்கும் தெரியல.

நான் நம்பல. பொம்பிளைங்க கட்டுன கதை, ஆதாரம் இல்லன்னு சொல்லி அந்த ஆள அனுப்பிட்டேன். செம்ப எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொன்னேன். “இது உங்க மக மாமா, நான் எப்படி எடுத்துட்டுப் போவேன்”ன்னு சொல்லிட்டு நடந்துட்டாரு.

ஆனா அன்னைக்குப் பூராவும் ஒண்ணு ஞாபகம் வந்துக்கிட்டே இருந்துது. ஈஸ்டர் அதிகாலையில ரஞ்சிதம் ரெண்டு மெழுகுதிரி கொண்டுபோவா. ஒண்ணு அந்த மாடத்துல வைப்பா. இன்னொண்ண அதுக்கு எதுத்தாப்புல வெறும் மண்ணுல குத்தி வைப்பா. மண்ணுல எதுக்குட்டி கொளுத்துதன்னு ஒருக்கா கேட்டேன். கேக்காம இல்ல, கேட்டேன். “எங்க மாமி வைப்பாவ, நானும் வைக்கேன்”ன்னா. அவ மாமின்னா எங்க அம்மா. நான் சரின்னு செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன். இன்னொரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாளோ என்னவோ. அவளாச் சொல்லியிருக்கலாம்லா தம்பி? ஒரே வீட்டுல முப்பத்தஞ்சு வருசம். ஊரெல்லாம் சுத்தி விசாரிச்சிட்டு வந்து இவகிட்டதான் காப்பி கேட்டேன்.

மறுநாள் தோட்டத்துல உம்ம கல்ல நிறுத்த அஸ்திவாரம் தோண்டிக்கிட்டிருந்தாவ. கால்மாட்டுல, மாடத்துக்கு எதுத்தாப்புல. நானும் போய் நின்னேன். முழங்கால் ஆழத்துல கம்பி டங்குன்னுது. மண்ணத் தள்ளிப் பாத்தா காரை பூசுன கட்டடம். தேரி மணல் காத்துக்கு நகரும்லா, எந்தக் காலத்துலயோ வந்து மூடியிருக்கு. ஒரு முழுக் கல்லறை. தலை மேக்க, காலு கிழக்க. அதுக்கும் மாடம் கால்மாட்டுல. ரெண்டு மாடமும் ஒண்ணுக்கொண்ணு பாத்துக்கிட்டு இருக்கு, நடுவுல ஒரு ஆள் உக்காரலாம்.

நான் அங்க உக்காந்துட்டேன். ஐயர் ஓடி வந்தாவ, தண்ணி குடுத்தாவ. “சார், சரித்திரம் மாறுது போலயே”ன்னாவ. ஒண்ணும் மாறலன்னு சொன்னேன். வாய் அப்படித்தான் சொல்லிச்சு.

மனசு வேற சொல்லுது. நான் உபதேசியார் வம்சம் இல்ல. முதுகக் காட்டிட்டுப் போனவன் வம்சம். அவனத் தண்டிச்சுத் திருப்பிப் போட்டிருக்காவ, நான் அத மரியாதைன்னு படிச்சு, வருசா வருசம் வெள்ளையடிச்சு, புஸ்தகம் போட்டு, பளிங்கு வாங்கி, பிஷப்பையும் கூப்பிட்டாச்சு. அவமானமா இருக்கு தம்பி. ஊரு சிரிக்கும். ஆனா அது கூடப் பெருசா தெரியல. அன்னைக்கு அத்தன ஆம்பிளைங்க முன்னால நின்னு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு நானும் போவுதேன்னு சொன்னாள்லா சாராள், அதான் போட்டு அரிக்கி. நான் தீர்மானம் எழுதுன அன்னைக்கு என் வீட்டுல யாரும் அப்படி நிக்கல. ரஞ்சிதம் தட்டப் பாக்காம சோறு வச்சா, அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். உமக்கும் நேரமாவுது.

பெரிய கல்லத் திருப்பிப் பின்பக்கத்துல இப்படி வெட்டும். ‘சாராள். அவள் மகன்.’ அவ்வளவுதான். அவன் பேரு யாருக்கும் தெரியல, அந்தக் கதையிலயும் இல்ல. பழைய எழுத்து மறுபக்கத்துல இருந்துட்டுப் போட்டும், மண்ணுக்குள்ள பாதி போயிரும். புஸ்தகத்துக்கு ஒரு திருத்தம் அடிச்சு உள்ள சொருவிருவேன்.

அந்தக் கல்ல அறுத்தப்பம் ஒரு மிச்சத் துண்டு இருந்துதே, கிடக்கா? கிடந்தா அதுல ஒண்ணு வெட்டணும். ‘கிறிஸ்டபெல். ரஞ்சிதத்தின் மகள்.’ என்ன? அப்பா பேரா? வேண்டாம். சின்னத் துண்டு, எழுத்து நெருக்கமாயிரும்.

ரஞ்சிதம் கால்மாட்டுக்கும் மதிலுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு. முள்ளு மண்டிக் கெடக்கு, நான் சுத்தம் பண்ணிருதேன். ஒரு ஆளப் படுக்க வைக்க முடியாது. ஒரு செம்புக்குப் போதும். ஞாயித்துக்கிழமை கமிட்டியில சத்தம் போடுவாவ. நான் எழுதுன தீர்மானத்தையே எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டுவாவ. வாசிக்கட்டும். இது என் மகளுக்காகச் செய்யல, ஆதித் திருச்சபையோட வழக்கம், ரெண்டு கல்லறை ஆதாரம் இருக்குன்னு சொல்லுவேன். நான் எதையும் ஆதாரம் இல்லாம செய்ய மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். கேக்கலன்னா செயலாளர் பொறுப்ப வேற யாராவது பாக்கட்டும். அதுக்கு முந்தியே நாம நட்டிருவோம், சனிக்கிழமை நீரு வாரும். எங்க மாப்பிள்ளையையும் வரச் சொல்லியிருக்கேன்.

ஒண்ணு மறந்துராதயும். மத்த கல்லுல எல்லாம் எழுத்து கிழக்கப் பாத்து இருக்கும். இதுல மேக்கப் பாத்து இருக்கணும். சாம்பலுக்கு ஏது தலை, ஏது காலு? எழுத்த வச்சுத்தான் தெரியும், அவ எந்தப் பக்கம் பாக்கான்னு. அவ அம்மா எந்திரிச்ச ஒடனே படிக்கணும்.

அகலம் எவ்வளவு தோண்டணும்னா கேக்கீரு? அளந்துக்கிட வேண்டியதுதான். அந்தா இருக்கு, துணி கட்டுன செம்பு. அந்த ஆளு வச்ச அன்னைக்கு இருந்து நான் இன்னும் தொடல. நாற்காலியோட சேத்துப் பெருக்குவேன், தொடுறதில்ல. நீரு டேப்ப எடும். தூக்கித்தான் அளக்கணும், அடி கொஞ்சம் அகலம்.

இரும். நீரு தொட வேண்டாம். நானே எடுக்குதேன்.